பூந்தியில் கொடுத்த தேங்காய்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தத் தேங்காயை நான் எந்த உள்நோக்கத்தோடும் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் ரவிசந்திரன் இன்றைக்கும் இதைக் கேட்டால் மீசைக்குள்ளேயே சிரித்துக்கொள்கிறார். சிரிக்கட்டும். தலையில் காவித் தலைப்பாகையோடு ஃபோட்டோவுக்கு நின்றவர் அவர்தான், நான் இல்லை.

மாயவரத்திலிருந்து கல்யாணமாகி புனே பக்கத்துச் சிஞ்ச்வட்டுக்கு வந்தவள் நான். அவர் இங்கே கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருந்து போன வருஷம்தான் ரிடையர் ஆனார். ஒரே பெண் பார்கவி. பாணேரில் ஐ.டி. கம்பெனி வேலை, அங்கேயே தோழிகளோடு ஒரு ஃபிளாட். சனிக்கிழமை ஆனால் எங்களிடம் வந்துவிடுவாள். அவள் செருப்பு வாசலில் கிடந்தால்தான் எனக்கு வாரம் முடிந்த மாதிரி இருக்கும்.

அதற்கு ஜூலையில் ஒரு தடங்கல் வந்தது. எங்கள் கல்யாண நாள் என்று அவளை ஒரு ஹோட்டலுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். கல்யாண நாள் என்னவோ நிஜம்தான். பக்கத்து மேஜையில் ஒரு பையனும் அவனைப் பெற்றவர்களும் தற்செயலாக வந்து உட்கார்ந்ததில் கொஞ்சம் என் ஏற்பாடும் இருந்தது. பையன் நல்ல பையன், சாப்பாடும் நல்ல சாப்பாடு. பார்கவி சூப்பைக்கூட முடிக்காமல் எழுந்து போய்விட்டாள். அதற்கப்புறம் தீபாவளி வரை சிஞ்ச்வட் பக்கம் அவள் வரவே இல்லை. ஃபோனில் "சாப்டியா, சாப்ட்டேன்" என்பதோடு சரி. அந்த மாதங்களில் நான் எத்தனை தடவை வாசலைப் பார்த்தேன் என்பது எனக்கும் வாசல் கதவுக்கும்தான் தெரியும்.

தீபாவளிக்கு வந்தவள் ஒரு சமாதான உடன்படிக்கையோடு வந்தாள். டிசம்பரில் மூவரும் ராஜஸ்தான் போகலாம், பூந்தி என்று ஒரு கோட்டை ஊர், கூட்டமில்லாத ஊர், எல்லாச் செலவும் அவளுடையது. ஒரே ஒரு நிபந்தனை. அதைத் தமிழிலேயே தெளிவாகச் சொன்னாள்.

"கல்யாணம்ங்கற வார்த்தை உன் வாய்லேர்ந்து வந்துச்சுன்னா, அடுத்த டிரெயின்ல நான் ரிட்டர்ன். அப்புறம் இந்த வீட்டுக்கும் வர மாட்டேன். ஜோக் இல்ல அம்மா."

சரி என்றேன். வேறென்ன சொல்வது. பூந்தி என்றதும் அவர் லட்டு நினைப்பில் தலையாட்டிவிட்டார். நான் மட்டும் என் வாயை எப்படிக் கட்டிப்போடுவது என்று அப்போதிலிருந்தே யோசிக்க ஆரம்பித்தேன்.

ஊருக்குப் போகும்போது நாலு தேங்காயைப் பையில் போட்டேன். ராஜஸ்தானில் மணல் கிடைக்கும், தேங்காய் கிடைக்குமா? எங்களைப் புனே ஸ்டேஷனுக்குக் காரில் கொண்டுவிட வந்தவன் ஜோஷுவா. பார்கவியோடு வேலை பார்க்கும் பையன், தாபோடியில் வீடு, அவன் அப்பா அங்கே ராணுவ எஞ்சினியரிங் கல்லூரியில் வேலை செய்தவர். எங்கள் சொசைட்டியில் லிஃப்ட் ரிப்பேர் என்று மூன்று மாடியும் அந்தப் பையை அவனே தூக்கிக்கொண்டு இறங்கினான். "ஆன்ட்டி, கோட்டைக்குப் போறீங்க சரி, பீரங்கி குண்டையுமா நாமளே எடுத்துட்டுப் போகணும்?" என்றான். பார்கவி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எனக்கு மனசு நிறைந்துபோய்விட்டது. பயணம் நல்லபடியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

கோட்டாவில் இறங்கி டாக்ஸி பிடித்துப் பூந்தி போய்ச் சேர்ந்தோம். மலைச்சரிவில் அரண்மனை, அதற்கு மேலே மலை உச்சியில் தாராகட் கோட்டை, கீழே ஏரி, ஏரிக்கரையில் நீலமும் வெள்ளையுமாக வீடுகள். நாங்கள் தங்கியது ஒரு பழைய ஹவேலி. ஹாடா ராஜபுத்திரக் குடும்பம் ஒன்று தங்கள் பெரிய வீட்டிலேயே நாலு அறையை ஒழித்து ஹோம்ஸ்டே ஆக்கியிருந்தார்கள். வீட்டம்மா புஷ்பா கன்வர், என் வயசுதான். அவர் மகன் லோகேந்திரா. ஜெய்ப்பூரில் படித்துவிட்டு வந்து இந்த ஹோம்ஸ்டேயை நடத்துகிறான். ஆறடி உயரம், நல்ல நிறம், கெட்ட பழக்கம் எதுவும் இருக்கிற முகமில்லை. இதையெல்லாம் நான் பார்த்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். முற்றத்து வெயிலில் நாற்காலி போட்டு ஒரு கிழவியார் உட்கார்ந்திருந்தார். லோகேந்திராவின் அப்பாவுக்கு அத்தை. எல்லோரும் அவரை புவா-சா என்று கூப்பிட்டார்கள். அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம் என்று வந்த கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது.

வந்த அன்றைக்கே குளிர் என்னைப் பிடித்துக்கொண்டது. இருமல், தலைவலி. புஷ்பா கன்வர் விடவில்லை. சமையலறைக்கே கூட்டிப்போய் அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்து, மஞ்சள் போட்ட பால் கொடுத்து, கம்பு ரொட்டியில் நெய்யும் வெல்லமும் வைத்து ஊட்டாத குறையாகத் தின்ன வைத்தார். தன் சால்வையையே என் மேல் போர்த்திவிட்டார். ஹிந்தியில் ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசினோம். பிள்ளை கல்யாணத்துக்குப் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறான் என்று அவர் அலுத்துக்கொண்டார். உங்கள் பெண்ணுக்கு எப்போது என்று கேட்டார். நான் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு வெறுமனே புன்னகை செய்தேன். புன்னகை மட்டும்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் இருமல் போன இடம் தெரியவில்லை. இப்படிப் பார்த்துக்கொண்ட ஒரு சுமங்கலிக்கு ஒன்றும் தராமல் நான் கோட்டை பார்க்கக் கிளம்புவேனா? அவர்கள் அறைக்கு வாடகை வாங்குகிறார்கள் என்பது வேறு விஷயம். வீடு வீடுதான். தட்டில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, ஒரு ரவிக்கைத் துணி, நடுவில் தேங்காய், அதன்மேல் ஒரு ரூபாய் நாணயம். நம் வீடுகளில் எப்படி வைப்போமோ அப்படி. பார்கவியைத் தட்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். புஷ்பா கன்வர் கை முழுக்கக் கோதுமை மாவு. அங்கே நின்ற மகனைக் கண்ணால் காட்டினார். நான் தேங்காயையும் ரூபாயையும் எடுத்து லோகேந்திராவின் இரண்டு கையிலும் வைத்து, நன்றாக இரு அப்பா என்று வாழ்த்தினேன். அவனும் குனிந்து வணங்கி வாங்கிக் கூடத்து மேஜையில் வைத்துவிட்டு, வாருங்கள் ஆன்ட்டி, வெயில் ஏறுவதற்குள் மலை ஏறிவிடலாம் என்றான். புவா-சா முற்றத்திலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கும் ஒரு கும்பிடு போட்டேன்.

அன்றைக்குப் பார்த்த மாதிரி ஒரு பகலை நான் பார்த்ததில்லை. அரண்மனை வாசலில் இரண்டு கல் யானைகள் தும்பிக்கையைத் தூக்கி வளைவாகக் கோத்துக்கொண்டு நிற்கின்றன. உள்ளே சித்திரசாலை என்று ஒரு மண்டபம். சுவர், கூரை, மூலை முடுக்கு எல்லாம் பச்சையும் நீலமுமாகக் கிருஷ்ண லீலை. கோபியர் புடவையைத் தூக்கிக்கொண்டு மரத்தில் உட்கார்ந்திருந்த கண்ணனை என் வீட்டுக்காரர் ரொம்ப நேரம் ஆராய்ச்சி பண்ணினார். வரைந்த கை தேய்ந்திருக்கும், பச்சை தேயவில்லை என்றாள் பார்கவி. அதன்பின் தாராகட் ஏற்றம். செங்குத்தான கல் பாதை. குரங்குகளை விரட்ட ஆளுக்கு ஒரு கம்பு வாடகைக்குக் கொடுக்கிறார்கள்.

புனேக்காரர்களுக்குக் கோட்டை விஷயத்தில் ஒரு கர்வம் உண்டு, முப்பது வருஷத்தில் அது என் வீட்டுக்காரருக்கும் ஒட்டிக்கொண்டது. சிங்ககட் ஏற்றம் இதைவிடக் கடினம் என்றார். சிங்ககட்டில் உச்சிக்குப் போனால் சுடச்சுடக் கடலைமாவுப் பிட்லாவும் பாக்ரி ரொட்டியும் கிடைக்கும், இங்கே குரங்குதான் கிடைக்கிறது என்றார். சொல்லி வாய் மூடவில்லை, அவர் கையிலிருந்த பிஸ்கட் பொட்டலம் ஒரு குரங்கிடம் இருந்தது.

உச்சியில் பாழடைந்த மதில்களும் மலையைக் குடைந்த பெரிய குளங்களும். கீழே ஊர் முழுவதும் தெரிந்தது. லோகேந்திரா அங்கே உட்காரவைத்து அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் கதை ஒன்றைச் சொன்னான். சித்தூர் ராணா ஒருவர் பூந்திக் கோட்டையைப் பிடிக்கும்வரை பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை என்று சபதம் போட்டுவிட்டார். பிடிக்க முடிகிற கோட்டையா இது? ராஜா தாகத்தில் செத்துவிடுவாரே என்று மந்திரிகள் மண்ணால் ஒரு பொம்மைப் பூந்தி கட்டி, அதைப் பிடித்துச் சபதத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ராணாவின் படையிலேயே இருந்த ஒரு ஹாடா வீரன், பொம்மையாக இருந்தாலும் அது எங்கள் பூந்தி என்று அந்த மண் கோட்டைக்கு முன்னால் நின்று சண்டை போட்டுச் செத்தான். வாய் இருக்கிறதே என்று சபதம் போட்டால் இப்படித்தான் என்றேன். அப்பாவும் பெண்ணும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இறங்கும்போது பார்கவியும் லோகேந்திராவும் மலையேற்றம் பற்றிப் பேசிக்கொண்டே முன்னால் போனார்கள். பின்னால் வந்த என் மனசு என்ன பாடுபட்டது என்று கேட்காதீர்கள். நாக்கைக் கடித்துக்கொண்டு குரங்குகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஹவேலிச் சந்து திரும்பியதுமே டோலக் சத்தம் கேட்டது. வாசலில் மாவிலைத் தோரணம். பளபளவென்று ஓதனி முக்காடு போட்ட பெண்கள் கூட்டமாக நின்று பாடினார்கள். புவா-சா கம்பை ஊன்றிக்கொண்டு நடுவில் நின்றார். எங்களுக்கு ஆரத்தி எடுத்தார்கள், திலகம் இட்டார்கள். ஒரு பெரியவர் கெஜக்கணக்கில் காவித் துணியைக் கொண்டுவந்து என் வீட்டுக்காரர் தலையில் சுற்றித் தலைப்பாகை கட்டிவிட்டார். அவருக்கு முகமெல்லாம் பல். ஹோம்ஸ்டே என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும், இதெல்லாம் வாடகையிலேயே சேர்த்தி போல என்று என் காதில் சொல்லிவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார். என் வாயில் யாரோ ஒரு லட்டைத் திணித்தார்கள். நல்ல நெய் லட்டு. நானும் சாப்பிட்டேன்.

லோகேந்திரா ஓடிப்போய் அவன் அம்மாவிடம் ஏதோ கேட்டான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை. பார்கவியிடம் மெதுவாக ஏதோ சொன்னான். அவள் கூடத்தைப் பார்த்தாள். மேஜையில் பட்டுத் துணி விரித்து, அதன்மேல் என் தேங்காயையும் ஒரு ரூபாயையும் எடுத்துவைத்து, முன்னால் விளக்கு ஏற்றியிருந்தார்கள்.

விஷயம் இதுதான். அந்த ஊர் ராஜபுத்திரர்களிடம் பெண்வீட்டார் தேங்காயும் ரூபாயும் எடுத்துவந்து பையன் கையில் கொடுத்தால், பெண் கொடுக்கிறோம் என்று அர்த்தம். பையன் அதை வாங்கிக்கொண்டால் சம்மதம் என்று அர்த்தம். லோகேந்திரா காலேஜ் படித்த பிள்ளை, விருந்தாளி கொடுத்ததை வாங்கி வைத்தான், அவ்வளவுதான். புவா-சா தன் காலத்துக் கண்ணால் பார்த்திருக்கிறார். முந்தின நாள் கல்யாணப் பேச்சுக்கு நான் புன்னகை செய்ததைப் புஷ்பா கன்வரும் சாட்சி சொல்லியிருக்கிறார். மத்தியானத்துக்குள் சொந்தபந்தம் எல்லோருக்கும் ஃபோன் போய்விட்டது.

பார்கவி என்னிடம் வந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"ரெண்டு நாள் அம்மா. ரெண்டே நாள். உன்னால முடியல இல்ல?"

ஜூலையில் சூப்பை வைத்துவிட்டு எழுந்தாளே, அதே முகம். இந்தத் தடவை இவள் போனால் வரமாட்டாள் என்று தெரிந்தது. நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நானே நம்பமாட்டேன். ஆனால் அது நிஜம். நிஜத்தைச் சொல்வதற்கு நான் ஏன் பயப்பட வேண்டும் என்று அங்கேயே எனக்குக் கோபமும் வந்தது. நேராகப் புவா-சாவிடம் போனேன்.

அம்மா, தப்பு நடந்துவிட்டது என்று ஹிந்தியில் ஆரம்பித்தேன். எங்கள் பக்கம் தேங்காய் யாருக்கும் கொடுப்போம். பால் கொடுத்தவருக்கும் கொடுப்போம், சால்வை போர்த்தியவருக்கும் கொடுப்போம். இது உங்கள் மருமகள் என் இருமலைப் போக்கியதற்குக் கொடுத்தது, பெண்ணைக் கொடுப்பதற்கு இல்லை என்றேன். பாட்டு நின்றுவிட்டது. டோலக் வாசித்த பெண் கையை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தாள். புவா-சா கண்ணை இடுக்கி என்னைப் பார்த்தார். இந்த வீட்டுக்கு வந்த தேங்காய் எதுவும் திரும்பிப் போனதில்லை என்றார். அப்படியானால் உன் பெண்ணை எந்த வீட்டுக்குக் கொடுப்பதாக உத்தேசம் என்று கேட்டார்.

"அவ எந்த வீட்டைச் சொல்றாளோ, அந்த வீட்டுக்கு," என்றேன். பார்கவிக்கும் கேட்கட்டும் என்று தமிழில் ஒரு தடவை, மற்றவர்களுக்காக ஹிந்தியில் ஒரு தடவை. "அவ வாயால சொல்லாம என் தேங்காய் எந்த வீட்டு வாசலையும் மிதிக்காது. அவ சொல்லிட்டா, அது எந்த வீடானாலும் நானே எடுத்துட்டுப் போவேன்."

ஜபான் கொடுக்கிறாயா என்று கேட்டார் புவா-சா. அங்கே ஜபான் என்றால் வாக்கு. கொடுக்கிறேன் என்று அவர் கையில் அடித்துக் கொடுத்தேன். மலை உச்சியில் கேட்ட கதை ஞாபகம் வராமல் இல்லை.

திரும்பிப் போகக் கூடாது என்கிறார், வைத்துக்கொள்ளவும் வழியில்லை. தேங்காய்க்கு மூன்றாவதாக ஒரு வழி உண்டென்று நமக்குத்தானே தெரியும். மேஜையிலிருந்த தேங்காயை எடுத்து முற்றத்துக் கல்லில் ஒரே போடு போட்டேன். நடுவாகப் பிளந்தது, உள்ளே நிறையத் தண்ணீர். அதை ஒரு கிண்ணத்தில் பிடித்து முதலில் புவா-சாவிடம் நீட்டினேன். அவர் குடித்தார். பிறகு பல்லில்லாத வாயைத் திறந்து அப்படிச் சிரித்தார். அதற்காகவே காத்திருந்த மாதிரி மொத்த முற்றமும் சிரித்தது. லோகேந்திரா ஒரு தூணில் சாய்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டான். தப்பித்தவன் சந்தோஷம் எனக்குப் புரியும், ஆனாலும் அவ்வளவு பகிரங்கமாகக் காட்டியிருக்க வேண்டாம்.

ஒரு தேங்காய் அத்தனை பேருக்கு எங்கே காணும்? பையிலிருந்து இன்னும் இரண்டை எடுத்து உடைத்தேன். புஷ்பா கன்வர் துருவினார், நான் வெல்லப்பாகு வைத்தேன், பார்கவி ஏலக்காய் பொடித்தாள். அவள் பக்கத்தில் வந்து நின்றபோதே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. தேங்காய் பர்பி தட்டு தட்டாகப் போய்க்கொண்டே இருந்தது.

பாட வந்தவர்கள் பாடாமல் போகக் கூடாது என்பது புவா-சாவின் அடுத்த தீர்ப்பு. தலைப்பாகை கட்டிய மாப்பிள்ளை ஒருத்தர் தயாராக இருக்கிறாரே என்று என் வீட்டுக்காரரைக் கம்பால் காட்டினார். என்னை இழுத்து அவர் பக்கத்தில் உட்காரவைத்து, தலையில் ஒரு சிவப்பு ஓதனியைப் போட்டு, மாலை மாற்றச் சொன்னார்கள். மாயவரத்தில் நடந்த கல்யாணத்தில் அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இங்கே மீசையை முறுக்கிக்கொண்டு பார்த்தார். பார்கவி ஃபோனில் படம் எடுத்துக்கொண்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம்.

மறுநாள் கிளம்புவதற்கு முன் ராணிஜி கி பாவடி பார்க்கப் போனோம். ஒரு ராணி கட்டிய படிக்கிணறு. பூமிக்குள்ளே படிகள் இறங்கிக்கொண்டே போகின்றன, வளைவுத் தூண்களில் குட்டிக் குட்டி யானைகள். அவர் கேமராவோடு ஒவ்வொரு யானையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்கவியும் மேல் படியில் உட்கார்ந்தோம். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது சாய்ந்தது.

"அம்மா, தேங்காய் இன்னும் இருக்கா?"

ஒன்று இருக்கிறது என்றேன்.

"அதை உடைக்காத. தாபோடில ஒரு வீட்டுக்குக் கொண்டு போகணும்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தேங்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கிய முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. மாயவரத்தில் என் நாத்தனார் கேட்கப்போகும் கேள்விகள் வரிசையாக வந்து நின்றன. கோயிலா, சர்ச்சா, எந்த முறை, யார் வீட்டுப் பந்தி. எல்லாம் சண்டைகள். அந்தச் சண்டைகளை நான் நன்றாகவே போடுவேன், அதில் எனக்குப் பயிற்சி உண்டு. ஆனால் இவள் இதை மனசில் வைத்துக்கொண்டு, ஜூலையில் அந்த ஹோட்டல் மேஜையில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். யாரிடம் சொல்வது என்று இத்தனை மாதம் திண்டாடியவள், கடைசியில் என்னிடம் சொல்கிறாள். அதற்கு முன்னால் நாத்தனார் எம்மாத்திரம்?

"அவங்க வீட்ல தேங்காய் வாங்கிப்பாங்களா?" என்று கேட்டேன்.

"ஜோஷுவா அம்மாவுக்கு நாகர்கோவில்," என்றாள் பார்கவி. "தேங்காய் இல்லாம அவங்க வீட்ல அடுப்பே பத்தாது."

கீழே யானைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எங்கள் சிரிப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். என்ன என்று கையைக் காட்டினார். நான் இரண்டு கையையும் உருண்டையாகச் சேர்த்துக் காட்டினேன். அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும், ஆனாலும் தலையாட்டினார்.

ரயிலில் பெட்டிகளையெல்லாம் சீட்டுக்கு அடியில் தள்ளினோம். அந்த ஒரு தேங்காயை மட்டும் அடியில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. புஷ்பா கன்வர் கொடுத்த சால்வையில் சுற்றி, புனே வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.